போதகரின் மனைவிக்கு என்ன தெரியும்?

புதுப் போதகர் குடிவரக் குருமனைச் சுவர்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இன்று காலை திரைச்சீலை கொழுவப் போனேன். யன்னல்களெல்லாம் திறந்து கிடந்தும் மணம் போகவில்லை. அது மூக்கில் ஏறியதும், தோழி, உன் நினைவுதான் வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் சபைக்கு எந்தப் போதகர் மாற்றலாகி வந்தாலும், சாமான் லொறி வருமுன்னரே நீ வாசலில் நிற்பாய். உதவிக்கு வந்ததாகச் சொல்லுவாய். ஆனால் கண் முழுக்க இறங்கும் சாமான்களில்தான் இருக்கும். எத்தனை பெட்டி புத்தகம், தையல் மெஷின் இருக்கிறதா, சுவரில் யாருடைய படம் ஏறப்போகிறது என்று பார்ப்பாய். பார்த்ததை என்னைத் தவிர வேறொருவரிடமும் நீ சொன்னதில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்த அந்தப் போதகரின் வரவேற்பு நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் மாலை, பட்டிஸ், பால் தேத்தண்ணி. சபைச் செயலாளர் வழக்கம்போல நீளமாகப் பேசினார். போதகரின் மனைவி இனிப் பெண்கள் ஐக்கியத்தை நடத்துவார், பாடகர் குழுவிலும் சேருவார் என்று அவரே அறிவித்தார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நல்ல உயரம்.

"எனக்குப் பாட வராது. கூட்டம் நடத்தவும் தெரியாது. நான் இங்க ஒரு வேலை தேடப்போறன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போதகர் தன் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் ஒருவர் "என்ன திமிர்" என்றது எல்லோருக்கும் கேட்டது. நீ என் பக்கம் சரிந்து, "அப்ப அவவுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நீ உண்மையாகவே கேட்கிறாய் என்று விளங்கியது.

மறுநாள் நீ போய் அவளிடமே கேட்டுவிட்டாய். அவள் நீச்சல் பழக்குகிறவள். வாவிக் கரையில் பிறந்து, அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவள். கொழும்பிலும் ஒரு பள்ளிக்கூட நீச்சல் தடாகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் பெரிய ஆட்களுக்கும் வகுப்பு என்றதும் நீ பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். உனக்கு அறுபது தாண்டியிருந்தது. இந்த வயதில் உனக்கென்ன விசரா, பைத்தியமா என்று கேட்டேன்.

"கடலுக்குப் பக்கத்தில இவ்வளவு காலம் இருந்திட்டன். தண்ணிக்கு மேல எப்பிடிக் கிடக்கிறதெண்டு தெரியாமலே சாகிறதோ?" என்றாய்.

இதற்கிடையில் சபைக்குள் புகைச்சல். மனைவி நீச்சல் உடுப்போடு நிற்கிறாளாம், ஐக்கியக் கூட்டத்துக்கு ஒரு ஜெபம் பண்ணவும் வருகிறாளில்லையாம். மேலிடத்துக்குச் சொல்லி இவர்களை மாற்றச் செய்ய வேண்டுமென்று செயலாளர் சபைக் கூட்டத்தில் பிரேரித்தார். அப்போது நீ எழும்பினாய். வாயைத் திறந்தால் உறவு முறியும் என்று உன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்; செயலாளர் உன் சொந்த மைத்துனர் அல்லவா.

"மேலிடம் நியமிச்சது ஒராளைத்தான். நாங்கள் ஏன் ரெண்டு பேரைக் கேட்கிறம்?" என்றாய்.

அப்படியானால் ஐக்கியத்தை யார் நடத்துவது என்று அவர் கேட்டார். இத்தனை காலமும் நடத்தியது யார், நாங்கள்தானே. போதகரின் மனைவியை முன் கதிரையில் இருத்தியிருந்தோம், அவ்வளவுதான் என்றாய். பெண்கள் பக்கம் யாரும் மறுக்கவில்லை. பிரேரணை விழுந்தது. உன் மைத்துனர் குடும்பம் கிருலப்பனையில் வேறொரு சபைக்குப் போய்விட்டது. அந்த நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் உன் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு நீ அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ முதன்முதல் மிதந்த நாளில் உனக்குத் துடைக்கத் துவாயோடு தடாகத்து விளிம்பில் நான் இருந்தேன். அவள் உன் முதுகுக்குக் கீழே பிடித்திருந்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். ஏறி வந்ததும் என்னிடம், "காது தண்ணிக்குள்ள போனால் என்ர மூச்சு மட்டும்தான் கேட்குது. ஏன் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாய். உன் உதடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள். வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ மாறவில்லை. ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தாதியைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் அடக்கத்துக்கு, மாற்றலாகி ஊருக்கே திரும்பிப் போயிருந்த அந்தப் போதகரின் மனைவி மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தாள். பாட்டு வேளையில் என் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றாள். என் கையை மட்டும் விடவில்லை.

இன்றைக்கு வந்திருக்கும் போதகர் ஒரு பெண். இளம் வயது. கைக்குழந்தையோடு கணவரும் வந்திருக்கிறார். மண்டபத்தில் எல்லோருக்கும் அந்த மனிதரைப் பற்றித்தான் குழப்பம். ஐக்கியத்தில் சேர்க்க முடியாது; பிறகு என்னதான் செய்யச் சொல்வது? அவர் குழந்தையைத் தோளில் போட்டபடி மூலையில் நின்றார். எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டு விலகிப்போனார்கள்.

இப்படியான வேளையில் நான் உனக்குப் பின்னால் நின்றே பழகியவள். எனக்கு முன்னால் இன்றைக்கு நீ இல்லை. நானே போய், "தம்பி, உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "பட்டம் கட்டுவன், ஆன்ரி. இங்க கடற்கரையில காத்து எப்பிடி?"

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பிறகு குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க இரண்டு பேருமாகத் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனோம்.