இரண்டு அங்குலக் குறை

மார்ச் 3, செவ்வாய்

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மின்தூக்கிக்கு இன்று பாதுகாப்புச் சான்றிதழ் மறுத்தேன். அதைத் தூக்கும் கம்பிவடத்தில் மூன்று இழைகள் அறுந்திருந்தன. "மூணே மூணு இழைதான சார்" என்று கட்டட மேலாளர் குழைந்தார். "சரி, எந்த மூணு பேர் விழணும்னு நீங்களே எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் குழையவில்லை. அலுவலகத்தில் என் பட்டப்பெயர் 'மாட்டேன் சார்'. தெரியும். ஆட்சேபணை இல்லை.

வீடு திரும்பியபோது வாகனப் பதிவு அலுவலகத்தின் பதில் வந்திருந்தது. என் கார் உயிரோடு இருக்கிறது. அதே எண். இங்கிருந்து நான்கு மணி நேரத் தொலைவில், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரின் பெயரில்.

இருபத்தொன்பது ஆண்டுகள்.

மார்ச் 4, புதன்

ஏன் தேடினேன் என்பதை எழுதி வைக்கிறேன். கோபத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

அந்தக் காரை என் முதல் ஓராண்டுச் சம்பளத்தில் வாங்கினேன். அப்போதே அது பழைய வண்டிதான். கரும்பச்சை நிறம், வட்ட விளக்குகள், கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவது போன்ற சத்தம். எந்தப் பட்டறைக்கும் கொடுத்ததில்லை; எல்லா வேலையும் என் கையால் செய்தேன். இருபத்தைந்தாம் வயதில் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது சாவியை அக்காவின் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பதினாறாம் நாள் கால்வாய்ப் பாலத்தின் வளைவில் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மோதினார். அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். பக்கத்து இருக்கையிலிருந்த அக்காவின் இடது முழங்கால் சிதைந்தது. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அன்றிலிருந்து ஊன்றுகோல்.

"கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்." அத்தான் தந்த விளக்கம் இவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரையும் விற்றுவிட்டார்.

நான் அவரிடம் கத்தவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அம்மா இறந்த அன்று, உடலை ஏற்றிய வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவர் ஏறப் போனார். எல்லோர் முன்னிலும் சொன்னேன்: "அந்த சீட்டுல அவரை விடாதீங்க. அம்மாவாவது முழுசாப் போய்ச் சேரட்டும்." அவர் இறங்கிப் பின்னால் நடந்து வந்தார். சொன்னதற்கு நான் வருந்தியதில்லை.

ஆகவே திட்டம் இது. காரை மீட்பேன். பழையபடி ஆக்குவேன். அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரே ஒருமுறை ஒலியெழுப்புவேன். வெளியே வந்ததும் ஒரு வாக்கியம்: "நீங்க வித்தது இதுதான், வண்டி மேல ஒரு குறையும் இல்ல, ஓட்டினவர் மேலதான்." இதை நான்கு முறை திருத்திவிட்டேன். இன்னும் சுருக்கலாம்.

மார்ச் 14, சனி

கார் பல் மருத்துவரின் பழைய மருத்துவமனையின் பின்கட்டில் நிற்கிறது. பல் பிடுங்கும் நாற்காலி ஒன்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். சிவப்பாக்கியிருக்கிறார்கள், அதன் மேல் வெள்ளை. வெள்ளை உரிந்த இடத்தில் சிவப்பு, சிவப்பு உரிந்த இடத்தில் என் பச்சை. கதவு ஓரத்தில் ஒரு விரல்நகம் அளவுக்கு.

அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பல் மருத்துவர் பேச்சுக்காரர். கண்பார்வை மங்கி ஓட்டுநர் உரிமம் போய்விட்டதால் கொடுக்கச் சம்மதித்தார். தடித்த நீலக் காகிதக் கோப்பு ஒன்றையும் என் கையில் திணித்தார். "முன்னாடி வச்சிருந்தவங்க பேப்பர் எல்லாம் இதுல இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடறதில்ல. புடுங்கின பல்லைத் தவிர."

கோப்பைப் பிரிக்கவில்லை. என் காரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அலமாரி மேல் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். கார் கிடைத்ததை மட்டும், திட்டத்தை அல்ல.

"தனி ஆளுக்கு எதுக்குடா நாலு கதவு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அதைப் போய் எதுக்குத் தோண்டிக்கிட்டிருக்கே?"

"என் கார்."

"ஆமா, உன் காருதான். யாரு இல்லன்னா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய பேப்பர் கீப்பர் ஒண்ணும் கூட வரலையே?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்டா."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது: "யாரு, மச்சானா? சாப்பிட்டாச்சான்னு கேளு." அவர் ஒவ்வொரு முறையும் கேட்பது அது. நான் ஒருபோதும் பதில் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.

மே 9, சனி

மெக்கானிக்கை எல்லோரும் 'குறடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிடித்தால் விடமாட்டாராம். அறுபது வயதிருக்கும். இன்று பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு முன்பக்கத் தகட்டைக் காட்டினார். பழைய அடியைத் தட்டி நிமிர்த்தி, ஒட்டு வைத்து, மேலே பூசியிருக்கிறார்கள்.

"நல்லா வாங்கியிருக்கு சார். யாரு புண்ணியம்?"

"என் அக்கா வீட்டுக்காரர்."

"பாவம்."

"அவர் பாவமில்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 12, வெள்ளி

இயந்திரம் ஓடியது. நாற்பது நொடி. புகை, இருமல், பிறகு சீரான சத்தம். பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஜூலை 4, சனி

எப்படி எழுதுவது.

பிரேக் வேலை. முன்சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் இற்றுப்போயிருந்தது. புதியதைக் குறடு இணைத்துவிட்டு, வண்டியை ஜாக்கில் தூக்கி, "சார், உள்ள உக்காந்து ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க" என்றார். ஒடித்தேன். சக்கரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "இப்ப அந்தப் பக்கம்." மறுபக்கம் ஒடித்தேன். மறுபடி பார்த்தார்.

"எதுக்கு இது?"

"இந்த ஹோஸு ரெண்டு நீளத்துல வரும் சார். திருகுற மரை ஒண்ணுதான், ரெண்டும் பொருந்தும். குட்டையை மாட்டிட்டீங்கன்னா நேராப் போறப்ப ஒண்ணும் தெரியாது. முழுசா ஒடிக்கிறப்ப இழுக்கும். பத்து நாள் இழுக்கும், பதினஞ்சு நாள் இழுக்கும், அப்புறம் ஒருநாள் வளைவுல அழுத்தி மிதிக்கிறப்ப புடுங்கிக்கும். இந்த வண்டிக்கு ஒரே லைன். ஒரு ஹோஸ் போச்சுன்னா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது."

"யாராவது அப்படி மாட்டுவாங்களா?"

"எங்காளுங்க மாட்டமாட்டாங்க. முதல் நாளே முதலாளிகிட்ட அடி வாங்கிக் கத்துப்போம். இது படிச்சவங்க பண்ற தப்பு. மரை பொருந்திச்சுல்ல, சந்தோஷமாயிடுவாங்க."

எதையோ மறந்துவிட்டேன் என்ற உணர்வு. மறக்கவில்லை, அதை நான் ஒருபோதும் நினைவு வைத்துக்கொள்ளவே இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். திரும்பப் படிப்பதில்லை. இன்று காலை இரும்புப் பெட்டியைத் திறந்து அந்த ஆண்டை எடுத்தேன். வெளிநாடு கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, என் கையெழுத்து:

"முன்பக்க பிரேக் ஹோஸ் மாற்றினேன். கடையில் அதே நீளம் இல்லை; இரண்டு அங்குலம் குறைவானதுதான் இருந்தது. மரை கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மணி நேர வேலை. மெக்கானிக் என்ற இனமே எதற்கு என்று தெரியவில்லை."

அதற்குக் கீழே ஒரு சிரிப்பு முகம் வரைந்திருக்கிறேன்.

பிறகு நீலக் கோப்பு. அடியில் காப்பீட்டு ஆய்வாளரின் அறிக்கை இருந்தது. நல்ல அறிக்கை. நானாக இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். "வலது முன்சக்கர பிரேக் ஹோஸ் உரிய நீளத்தினும் குறைவானது, வளைவில் இழுபட்டுக் கழன்றுள்ளது. வேகம் மிதமானது. ஓட்டியவர் கைப்பிரேக்கை இழுத்து வண்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பியுள்ளார். அவ்வாறு செய்யாதிருப்பின் வாகனம் சுவர் முடியும் இடத்தில் கால்வாயில் வீழ்ந்திருக்கும்."

இத்துடன் ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டையான எழுத்து. அத்தான் புவியியல் ஆசிரியராக இருந்தவர். "மேற்படி ஹோஸை மாற்றிப் பொருத்தியது நான்தான். உரிமையாளருக்கு இதில் தொடர்பில்லை."

அவருக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

ஜூலை 6, திங்கள்

விடுப்பு. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜூலை 7, செவ்வாய்

அக்காவைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "பேப்பர் வந்திருச்சா" என்றாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரிலயே. நீ போயி பதினாறு நாள். தெரிஞ்சா படிப்பைப் போட்டுட்டு ஓடி வந்து நின்னிருப்பே. முடிச்சிட்டு வரட்டும், சொல்லிக்கலாம்னாரு. நீ வந்தே, வந்ததுலேர்ந்து அவர் மூஞ்சியப் பாக்கல. நீயே பாக்காதப்ப எங்கேர்ந்து சொல்றது?"

"அம்மா சாவுல நான் அப்படிச் சொன்னேனே, அன்னிக்காவது—"

"அன்னிக்கு நான் வாயத் தொறந்துட்டேன்டா. அவருதான் கையைப் புடிச்சு அழுத்தினாரு. 'விடு, இன்னிக்கு அவனுக்கு அம்மா போயிருக்கா'ன்னு."

"இத்தனை வருஷம் என்னை மிருகமா நடக்க விட்டீங்களே, ரெண்டு பேரும்."

"நாங்களாடா விட்டோம்?" என்றாள். முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "முட்டி என்னோடது. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?"

வைத்துவிட்டாள்.

ஜூலை 19, ஞாயிறு

கோபம் போகவில்லை. விலாசம்தான் மாறியிருக்கிறது. யாரைக் கேட்டு என்னை மன்னித்தார்கள்? குற்றம் சாட்டாமல் மன்னிப்பது எந்த ஊர் நியாயம்? — இப்படி அரைப்பக்கம் எழுதி அடித்துவிட்டேன். மரை பொருந்துகிறது, நீளம் போதவில்லை.

இருபத்தேழு ஆண்டுகளாக மற்றவர்களின் கவனக்குறைவுக்குக் கையெழுத்து மறுத்திருக்கிறேன். எத்தனை பேரிடம், எத்தனை ஏளனமாக. சீ, எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு அவ்ளோ திமிரு?

ஆகஸ்ட் 1, சனி

கார் முடிந்துவிட்டது. கரும்பச்சை. குறடு சாவியைக் கொடுத்துவிட்டு, "சிரிங்க சார், புள்ள பொறந்த மாதிரி இருக்க வேணாமா" என்றார்.

அத்தானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

போனேன்.

ஒலியெழுப்பவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு அத்தானே வெளியே வந்தார். இளைத்திருக்கிறார். அல்லது இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் சரியாகப் பார்க்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தார். உள்ளே போய் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு திரும்பினார். முன்சக்கரத்தின் அருகே, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெல்ல மெல்ல முட்டி போட்டார்.

"ஸ்டீயரிங்கை முழுசா ஒடி" என்றார்.

ஒடித்தேன்.

"அந்தப் பக்கம்."

ஒடித்தேன். ஆய்வுக்கு ஆளாகி நிற்பவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"ம். இப்ப நீளம் போதும். கையக் குடு."

இறங்கிப் போய் எழுப்பிவிட்டேன். கையை உடனே விட எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். பழைய வாத்தியார், படிக்கும்போது உதடு அசைகிறது.

"லெட்டர் நல்லா நீளமா இருக்கு மச்சான்" என்றார். "ஹோஸ்தான் குட்டையாப் போச்சு."

சிரித்தார். நான் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாக. தெருவில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல அத்தான்."

அக்கா வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். அவளுக்காகக் கார்க் கதவைத் திறந்தேன். "அழகா இருக்குடா" என்றாள். "ஆனா நான் ஏறமாட்டேன். என்னைக் கூப்பிடாதே."

செப்டம்பர் 6, ஞாயிறு

கார் இப்போது அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் போகிறேன். அத்தானும் நானும் இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறோம். அவர் ஓட்டுவதில்லை. அதிகம் பேசுவதுமில்லை, எங்களுக்கு இன்னும் பேச்சு பழகவில்லை.

இன்று அக்கா படியிறங்கி வந்தாள். அன்று அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து இருக்கையின் கதவைத் தானே திறந்தாள். ஊன்றுகோலை மட்டும் உள்ளே, இருக்கையின் மேல் படுக்க வைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி நின்றாள்.

பிறகு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.