தொண்ணூற்றில் ஒன்று

ஜூன் 11
வேலூரில் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. குழந்தைக்கு மரபணுக் குறை இருக்க வாய்ப்பு தொண்ணூற்றில் ஒன்றாம். அப்பாவாகப் போகிற தெம்பில் மணிவேல், "மீதி எம்பத்தொம்போது நல்லா தானே கீது" என்கிறார். எனக்கென்ன தொண்ணூறு வயிறா இருக்கிறது?

ஜூன் 14
மனதை மாற்றலாமென்று என் கணித ஆய்வேட்டை எடுத்தேன். வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது முதலில் கூறுபுள்ளிகள், அதாவது கடைசியில் நடக்கக்கூடிய தனித்தனி முடிவுகள்; பிறகுதான் அவற்றைச் சேர்த்த நிகழ்ச்சிகள். என் ஆய்வில் புள்ளிகளையே தூக்கிவிட்டேன். 'மழை வரும்', 'பஸ் வரும்' — நிகழ்ச்சிகள் மட்டும்தான். அவற்றை 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' என்று கோக்கும் ஓர் இயற்கணிதம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பென்று ஓர் எடை. கடைசியில் எது நடந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. இதை நான்கு வருடமாகப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இப்போது எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

ஜூன் 15
சாமைக் கஞ்சிகூட இறங்கவில்லை.

ஜூலை 3
உறுதியாகத் தெரிந்துகொள்ள, வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதனாலேயே கரு கலையவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டாம். இன்னொரு எடை! கணியம்பாடி தாண்டி மலையேறும் பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். தப்பு பண்ணிட்டேனா? தெரியாமலே இருந்திருக்கலாமோ?

ஜூலை 21
வீட்டில் சிக்னல் கிடைக்காது. ரோட்டு வளைவு வரை போய் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு மணிவேல் இறங்கி வந்தார். மெதுவாக வந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அந்தக் கொறை கீதாம், செவ்வந்தி. இன்னா பண்ணலாம்னு நீயே சொல்லு."

அழுதேன். அவரும்தான். அந்த எண்பத்தொன்பதும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஜூலை 24
டாக்டர் இரண்டு வழியையும் சொன்னார், அவசரப்படுத்தவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முதல் தடவையாக உள்ளே அசைந்தது. பக்கத்திலிருந்த மணிவேலிடம், "பொறக்கட்டும்ங்க" என்றேன். தலையாட்டினார். பயம் மட்டும் போகவில்லை.

மார்ச் 9
எங்கள் சுவேதாவுக்கு மூன்று மாதம். இந்தக் குறையோடு பிறந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டுமாம், அடுத்த வாரம் ஸ்கேன். கோளாறு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று இந்த முறை நான் டாக்டரைக் கேட்கவில்லை.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை, மடியில் அவளைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். 'ஆகவே கூறுபுள்ளி எதுவும் தேவையில்லை' என்று முடியவேண்டிய வரி. நடுவில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. வரி பாதியில் நிற்கிறது.