சாம்பவியின் வினைச்சொற்கள்

12.2.96, திங்கள்

சாம்பவிக்கு மூன்றரை வயதாகப் போகிறது. இன்னும் ஒரு சொல் வரவில்லை. "ம்ம்மா" என்றொரு சத்தம், அவ்வளவுதான். பாலர் பள்ளி ஆசிரியை இன்று என்னை மறித்துக் கேட்டாள், வீட்டில் எத்தனை மொழி என்று. வீட்டில் தமிழ், வெளியில் இத்தாலியன் என்றேன். "பாவம், குழம்பிவிட்டாள். ஒன்றை மட்டும் பேசுங்கள்."

இவரிடம் சொன்னேன்.

"அப்ப இங்கிலிஷிலையே கதை. நாளைக்கு அக்கா கனடாவுக்குக் கூப்பிட்டால் இத்தாலியனை வைச்சு என்ன செய்யிறது?"

நான் யாழ்ப்பாணத்தில் பி.ஏ. படித்தது தமிழில். என் இங்கிலிஷே நொண்டி. அதைக் கொண்டா பிள்ளையை நடத்துவது?

15.2.96

மேல்மாடி மோனிக் ஒரு இங்கிலிஷ் இலக்கணப் புத்தகம் தந்தாள். மொரீஷியஸ்காரி, பூட்டன் தமிழனாம், இவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம்.

வினைச்சொற்களை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். செயலைச் சொல்பவை: ஈட், சிட், ஜம்ப், கம். நிலையைச் சொல்பவை: 'தெரியும்' என்கிற நோ, வோண்ட், லவ், அந்த 'இஸ்'. பிறகு துணைவினைகள். 'வந்துவிட்டாள்' என்பதில் 'விட்டாள்' துணைக்கு நிற்பதுபோல.

செயலில் தொடங்குவோம். செய்துகாட்டலாமே.

20.2.96

நாலும் வந்துவிட்டது! நான் சொல்லிக்கொண்டு குதித்தால் குதிக்கிறாள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் தின்னப் பாண் துண்டைத் தேடுகிறாள். இவர் அவளைத் தூக்கிச் சுழற்றினார். "பாத்தியே, நான் சொன்னனான்."

வியாழனிலிருந்து அவளோடு ஒரு தமிழ்ச் சொல்லும் கதைக்கவில்லை. நித்திரையாக்கப் பாட இங்கிலிஷில் எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா தட்டிக்கொண்டிருந்தேன்.

28.2.96

நிலைவினைகள் ஏறவே இல்லை. 'லவ்' என்றால் எதைக் காட்டுவது? பாணை நீட்டி 'வோண்ட்' என்றேன். வாங்கித் தின்றாள். அவளுக்கு அதுவும் 'ஈட்'தான். 'இஸ்' என்றால் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு கையைப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள்.

இன்று பொறுக்காமல் கிள்ளிவிட்டேன். எனக்கு என்ன பிடிச்சது? மூண்டரை வயசுப் பிள்ளை.

3.3.96

டொரொன்டோவிலிருந்து மச்சாள், இவரின் அக்கா, ரெலிபோன் எடுத்தா. "மூண்டு பாஷையைப் போட்டுக் குழைச்சுப் பிள்ளையை ஊமையாக்கிப் போட்டியளே?" சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ரெலிபோனை இவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

10.3.96, ஞாயிறு

மோனிக் தேத்தண்ணி குடிக்க வந்தாள். எனக்குப் பெருமை காட்ட ஆசை. இரண்டு கையையும் விரித்து 'கம்' என்றேன், சாம்பவி ஓடி வந்தாள். மோனிக் சிரித்தாள். பிறகு, "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்" என்றாள்.

கட்டினேன். "கம், சாம்பவி. கம்."

அவள் என் தோளைப் பார்த்தாள். கைகள் எங்கே போயின என்று தேடுகிறாள்.

மோனிக் எழும்பிப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய், சட்டி மூடியைக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எனக்கு நெஞ்சு துள்ளியது. சாம்பவி இன்னும் என் கைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"விளையாட்டுப் புத்தியில் இருந்தால் இவள் இப்படித்தான்" என்றேன்.

"ஓம், ஓம், இருக்கும்" என்றாள் மோனிக். ஒருநாளும் செய்யாதவள், தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

11.3.96

நானும் மூடியை அடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப.

26.3.96

இடது காதில் ஒன்றும் கேட்கவில்லையாம். வலதில் கொஞ்சம். பிறந்ததிலிருந்தே இருக்கலாம் என்கிறார் டாக்டர். "நீங்கள் எந்த மொழி பேசியிருந்தாலும் இதுதான், சினியோரா." ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

என் தமிழ் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. மூன்று வருடமாக நான் பாடப் பாட, அவள் என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

பஸ்ஸில் பிள்ளையை இவரே மடியில் வைத்திருந்தார். இறங்கும்போது, "நான்தானே இங்கிலிஷ் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டனான்" என்றார்.

"விடுங்கோ."



19.6.96

காதில் கருவி பூட்டி ஒரு மாதமாகிறது. பஸ் இரைந்தால் அழுது, பிடுங்கி எறிகிறாள். சைகை படிக்க நானும் அவளும் கிழமைக்கு ஒருநாள் போகிறோம். என்னைவிட அவள் கெட்டிக்காரி. "இப்போதைக்கு இஞ்சையே இருப்பம்" என்று இவர் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

வேலையால் வந்தால் இவர் வாசலில் நின்று காலால் தரையை இரண்டு தரம் உதைப்பார். தரை அதிர, எங்கிருந்தாலும் சாம்பவி திரும்பி ஓடிவருவாள். கீழ்வீட்டுச் சினியோரா முதலில் கூட்டுகிற தும்புத்தடியோடு சண்டைக்கு வந்தா. விஷயத்தைச் சொன்னேன். பிறகு வரவில்லை.

இன்றைக்கு இவருக்குச் சுணங்கிவிட்டது. சினியோரா மேலே ஏறி வந்து, "உன் புருஷன் இன்னும் வரவில்லையா? சத்தத்தைக் காணோம்" என்று கேட்டுவிட்டுப் போனா.

சாம்பவி வாசலடியில், தரையில் உள்ளங்கையை விரித்து வைத்தபடி குந்தியிருக்கிறாள். சாப்பிட வா என்று கையால் கூப்பிட்டேன்.

மற்றக் கையை ஆட்டி, மாட்டேன் என்கிறாள்.