அடுப்பைச் சுற்றி ஒரு வேலி

லோஃபோட்டன் தீவு, நார்வே, பிப்ரவரி 9

கடலில் இருக்கும் உனக்கு,

இரும்பு அடுப்பு வந்துவிட்டது. இருநூறு கிலோ. பக்கத்து வீட்டு ஊட்வர் அண்ணனும் அவர் தம்பியும் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துவந்து தூக்கினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"படகு எஞ்சினையே தனியாத் தூக்குறவ, இன்னிக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார் அண்ணன்.

"முதுகு பிடிச்சிருக்குண்ணே. காலைப் பாத்து வைங்க."

முதுகுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்குக் கால் வழுக்கி அடுப்பு சாய்ந்தபோது என் கைகள் தானாக நீண்டன. பிடிக்காமல் இழுத்துக்கொண்டேன். நீ செதுக்கிய வாசற்படி உடைந்துவிட்டது. கோபப்படாதே.

முதல் தீயில் புதுப் பெயிண்ட் புகையும் என்றார்கள். நாற்றம் அடங்கும்வரை இரண்டு மணி நேரம் வெளியே பனியில் நின்றேன். உள்ளே வந்தும் மூச்சை அளந்துதான் விட்டேன்.

நேற்று புகைபோக்கியைச் சோதிக்க வந்தவர், அடுப்பைச் சுற்றி நான் மாட்டியிருந்த கம்பி வேலியைப் பார்த்து, "இது யாருக்கும்மா?" என்றார்.

"பூனைக்கு" என்றேன்.

நம்மிடம் பூனை இல்லை என்பது உனக்குத் தெரியும். போன தடவை அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய் இல்லையென்று சொன்னோமே. அதனால் இந்தத் தடவை உனக்குக்கூட எதுவும் எழுதப்போவதில்லை.

வேலியில் ஒரு கொக்கி ஆடுகிறது. நீதான் வந்து இறுக்க வேண்டும். அவசரமில்லை, ஆகஸ்டுக்குள் போதும்.

கதவருகே நிற்கும்
உன்னவள்