தொட்டால் நின்றுவிடும் கணக்கு

என்னங்க,

பெரிய எழுத்துல எழுதியிருக்கேன், ஒத்தைக் கண்ணால படிச்சுக்குங்க. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி இருக்கு, பன்னிரண்டு மணிக்கு வந்து சொட்டு மருந்து விடுவாங்க.

கம்ப்யூட்டர் ஏன் சுடுதுன்னு நேத்து கேட்டேன். "அது சும்மா இருக்கறப்ப ஒரு மென்பொருள் இணையம் வழியா விஞ்ஞானிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்குது, நான் தொடவே இல்ல"ன்னீங்க. எனக்கு அப்பவே சந்தேகம். காலைல அந்த மென்பொருளைத் திறந்து பார்த்தேன். யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டா அது வேலையை நிறுத்தி, நேரத்தையும் குறிச்சு வைக்குதே! நேத்து பத்துலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் நின்னிருக்கு. நான் ஆபீஸ்ல. அப்ப தொட்டது பேயா? ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகுது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கணும்னு டாக்டர் சொன்னது எனக்கா?

இன்னிக்கும் வந்து பார்ப்பேன். மென்பொருளை அணைச்சு வச்சாலும், அணைச்ச நேரத்தையும் குறிச்சு வச்சு அது காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா ஒண்ணு: என்னத்தைத் தட்டினீங்கன்னும் தேடிப் பார்த்துட்டேன். மூணு மாசமா பொண்ணுகிட்ட முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், ரெண்டு மணி நேரத்துல "அன்புள்ள மகளுக்கு"ன்னு மட்டும் எழுதி வச்சிருக்கீங்க.

சாயங்காலம் நீங்க சொல்லுங்க, மீதியை நான் தட்டறேன்.