ஒரு மாடு அவர்களுடையது, ஒரு மாடு எங்களுடையது

10-3-1955, வியாழன்

இன்று கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்டில் கிணற்று வழக்கு விசாரணை. கிணறு முழுக்கத் தன்னுடையது என்று இவருடைய சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, போட்ட வழக்கு. தோற்றால் எங்கள் வயல் கரம்புதான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூண்டில் நின்ற சின்ன மாமாவை எங்கள் வக்கீல் கேட்டார்: "போன வாரம் அந்தக் கிணத்துக் கபிலையில் பூட்டித் தண்ணி இறைச்சது யார் மாடு?"

"ஒண்ணு என் மாடு, ஒண்ணு அவன் மாடு."

"வழக்கு நடக்கும்போதுமா?"

"ரெண்டு வீட்லயும் ஒத்தை மாடுதானுங்களே. எப்பவும் சேத்துத்தான் பூட்டுவோம். எனக்குப் பாதி நாள், அவனுக்குப் பாதி நாள்."

கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தங்கள் கட்சிக்காரர் வாயாலேயே எங்கள் பாத்தியதை வந்துவிட்டதென்று மாமாவுடைய வக்கீலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மதியத்துக்குள் கிணறு இருவருக்கும் பொது என்று சமரசமாக ராஜி எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

குருபரப்பள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில் சின்ன மாமா எங்களோடுதான் உட்கார்ந்தார்.

"நீ காலேஜ் படிச்சவளாச்சே, சொல்லும்மா. நான் ஜெயிச்சனா, தோத்தனா?"

"எனக்கும் தெரியல மாமா" என்றேன்.

"கோர்ட்டுக்கே தெரியலயாட்டம் இருக்குது" என்று சிரித்துவிட்டு, பாப்பாவை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். ஊர் வரும்வரை திருப்பித் தரவேயில்லை.

ராஜியில் கிணற்றிலிருந்து எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலைப் பற்றி எழுதினார்களா என்று இப்போது ஒரு சந்தேகம். இவரை எழுப்பிக் கேட்கலாம். பாவம், எத்தனையோ நாளுக்கப்புறம் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.