மூன்றுக்கு மூன்று, எதிரே அபிரா

மார்ச் 12, வியாழன்

காலையிலிருந்து தூறல். எஸ்-பான் ரயிலின் ஜன்னலெல்லாம் ஆவி. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் ஒன்பது பேருக்குக் கண் பரிசோதனை. ஒருவர் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டு அதையும் கையோடு கொண்டுவந்தார்.

சனிக்கிழமை ஐஸ் ஹொக்கி இறுதிப் போட்டி. எங்கள் மண்டபத்தில், லைப்சிக் அணியோடு. பிரிவு வேறு என்பதால் இதுவரை எதிரெதிரே ஆடியதில்லை. பயிற்சி முடிந்ததும் அவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். எண் 21, அபிரா. பார்க்காதது போலப் பார்த்தேன்.

ஒன்பது வயதில் ஒன்றாகச் சறுக்கப் பழகினோம். இந்த ஊரில் ஐஸ் ஹொக்கி ஆடிய தமிழ்ப் பெண்பிள்ளைகள் எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு பதினொரு வருடம் தடுப்பு வரிசையில் சோடி. அவள் இடது, நான் வலது. இரண்டு வருடத்துக்கு முன் லைப்சிக்கில் வேலை கிடைத்துப் போனாள். போக மூன்று நாள் இருக்கும்போதுதான் சொன்னாள், அதுவும் வட்ஸ்அப்பில். நான் போட்ட பதில்: "சந்தோசம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

அம்மா சோறு போட்டுக்கொண்டே: "அபிராவும் வாறாளாமே? அவளின்ரை தாய் கோயிலிலை சொன்னவ."

"ஓம்."

"கதைப்பியோ?"

"அவள் எதிர் அணி அம்மா."

மார்ச் 13, வெள்ளி

குளிர் கூடிவிட்டது. வாங்க வேண்டியது: மட்டைக்குச் சுற்றும் டேப், பல் கவசம், வாழைப்பழம். சறுக்குச் சப்பாத்து தீட்டக் கொடுத்தாயிற்று.

மதிய இடைவேளை. அபிராவின் தொலைபேசி எண்ணை எடுத்துப் பார்த்தேன். "நாளைக்குப் பாப்பம்" என்று எழுதி அழித்தேன். "எப்பிடி இருக்கிறாய்" என்று எழுதி அதையும் அழித்தேன். பிறகு ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி இறுக்குகிறது என்று வந்தார்.

மார்ச் 14, சனி. மாலை, குசினி மேசை

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பகுதி எங்களுடையது. எட்டாவது நிமிடம் ஒன்று, பதினான்காவது நிமிடம் ஒன்று. 2-0. கால் தரையில் படாதது போல் இருந்தது. தட்டிவிட்ட இடமெல்லாம் எங்கள் ஆள் நின்றாள். அபிரா குனிந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. இறுதிப் போட்டியில் பாவம் பார்க்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல்.

இரண்டாவது பகுதியில் நானே கெடுத்தேன். பலகை ஓரமாக அவள் என்னைத் தாண்டினாள், என் மட்டை அவள் காலில் சிக்கியது. வேண்டுமென்று செய்யவில்லை. முழுக்க அப்படியும் சொல்ல வரவில்லை. நடுவர் கை தூக்கினார். இரண்டு நிமிடம் நான் தண்டனை வாங்கில் உட்கார, எங்கள் அணி ஒரு ஆள் குறைவு. அபிரா எழுந்து எனக்கு முன்னாலேயே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது விநாடியில் அடித்துவிட்டார்கள். 2-1.

அதோடு எல்லாம் மாறிவிட்டது. மண்டபத்தின் சத்தம்கூட அவர்கள் பக்கம் போய்விட்டது. எங்கள் கால்கள் கனத்தன. தட்டிவிட்டதெல்லாம் அவர்களின் மட்டைக்குப் போயிற்று. பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தோம். 2-2. மூன்றாவது பகுதி தொடங்கிக் கொஞ்சத்தில் 2-3.

லேனாதான் காப்பாற்றினாள், எங்கள் கோல் காப்பாளர். ஐந்து நிமிடம் இருக்கையில் அவர்களில் ஒருத்தி தனியாக வந்தாள். லேனா விழுந்து வில்லையைக் காலால் உதைத்துவிட்டாள். உள்ளே போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆட்கள் எழும்பி நின்று கத்தினார்கள், எங்களுக்கும் மூச்சு திரும்பியது. கடைசி நிமிடம், லேனாவை வெளியே எடுத்து, கோலைக் காலியாக விட்டு, ஆறு பேராக ஏறினோம். தூரத்திலிருந்து நான் அடித்தது யாரோ ஒருத்தியின் காலில் பட்டு உள்ளே போயிற்று. 3-3! அரை நிமிடம்தான் மிச்சம். அம்மா கத்தியது எனக்குக் கேட்டது.

மேலதிக நேரம். முதல் கோல் அடிப்பவருக்குக் கிண்ணம்.

நான்காவது நிமிடம், எங்கள் தட்டல் ஒன்று தவறி அபிராவிடம் போயிற்று. எனக்கும் அவளுக்கும் நடுவே வெறும் ஐஸ். அபிரா இப்படி வந்தால் இடப்பக்கம்தான் வெட்டுவாள். சின்னதிலிருந்து அப்படித்தான், வேறு ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இடப்பக்கத்தை மூடினேன்.

வலப்பக்கம் போனாள்.

வலை ஆடியதைத்தான் பார்த்தேன். தோற்றுவிட்டோம் என்பது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது: இதை எப்போது பழகினாள், ஆரோடு பழகினாள்?

கை கொடுக்கும் வரிசை. தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியாது.

"நீ இடப்பக்கம் மறிப்பாய் எண்டு தெரியும்," என்றாள்.

"எப்ப பழகினனி?"

"போன வருசம் முழுக்க. என்னைத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதானே இருக்கிறாய்."

பின்னால் நின்றவள் தள்ள, வரிசை நகர்ந்துவிட்டது. அபிரா கிண்ணம் தூக்கும்வரை நாங்கள் நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். நன்றாகத் தூக்கினாள்.

உடை மாற்றும் அறையில் லேனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அழுதிருந்தாள். "எனக்கும் இடப்பக்கம்தான் என்று பட்டது" என்றாள். நல்லவள்.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். முழங்கால் கன்றி நீலம். துவைக்க இரண்டு மூட்டை.

பதினொரு மணிக்கு அபிராவுக்கு அழைப்பு எடுத்தேன். நாலாவது மணி அடிக்கையில் தூக்கினாள். உடனே சொன்னேன்: "உனக்கு வேலை கிடைச்சது எனக்குச் சந்தோசமில்லை. அண்டைக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும். நேரை சொல்ல எனக்குப் பயமாக் கிடந்தது. நீ அழுதால் என்னாலை போக ஏலாது."

பிறகு எல்லாம் கதைத்தோம். வேலை, வாடகை வீடு, அவளின் புதுச் சோடி. பெயர் யூலியாவாம், நல்லா ஆடுவாளாம். அடுத்த பருவத்துக்கும் அங்கேதான் கையெழுத்து வைத்திருக்கிறாள். "நல்லது" என்றேன். இந்த முறை பாதி உண்மை.

அம்மா கதவடியில்: "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. கதைச்சம்."

ஐம்பத்திரண்டு நிமிடம். திரும்பி வா என்று மட்டும் நான் கேட்கவில்லை.